வெளிநாடு செல்லும் அரச ஊழியர்: கையில் இருக்க வேண்டிய அனுமதி எது?

இரவு இரண்டு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வருகிறது. அண்ணன் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை இறுதிக்கிரியை. தங்கை கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியை. போன வருடம் எடுத்த விசா இன்னும் செல்லுபடியாகிறது. பயணச்சீட்டை மருமகன் அங்கிருந்தே போட்டுவிடுகிறார். காலையில் அதிபரின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் புறப்படுகிறார் ஆசிரியை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து பாடசாலைக்குப் போனால், விளக்கம் கோரும் கடிதமொன்று அவருக்காகக் காத்திருக்கிறது.

இது குறித்த ஒருவருடைய கதை அல்ல. ஆனால் வடக்குக் கிழக்கின் எந்தப் பிரதேச செயலகத்திலோ வலயக் கல்விப் பணிமனையிலோ இதைச் சொன்னால் யாரும் வியப்படையமாட்டார்கள். அண்ணன் கனடாவில், அக்கா பிரான்சில், தாயார் தமிழகத்தில், கடைசித் தங்கை மட்டும் ஊரில் அரச வேலையில் என்றுதான் போர் எங்கள் குடும்பங்களைப் பிரித்துப் போட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் சுற்றுலா. இங்கே அது செத்தவீடு, கலியாணவீடு, படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்கப் போவது. அவசரமும் கண்ணீரும் கலந்த அந்த நேரத்தில் தாபன விதிக்கோவையை யாரும் புரட்டுவதில்லை. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டியதாகிறது.

அந்த ஆசிரியை செய்த பிழை ஒன்றுதான். அவர் அறிவித்தார், அனுமதி பெறவில்லை. கடிதத்தில் அதிபர் ‘பார்த்தேன்’ என்று கையொப்பமிட்டிருந்தாலும் அது அனுமதி ஆகாது. அதிகாரம் உள்ளவர் எழுத்தில் அங்கீகரித்து, அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பின்னர்தான் நாட்டைவிட்டு வெளியேறலாம்.

கடவுச்சீட்டு வேறு, விடுமுறை வேறு

‘கடவுச்சீட்டு இருக்கிறது, விசா இருக்கிறது, விமான நிலையத்தில் யாரும் மறிக்கவில்லை, பிறகென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. கடவுச்சீட்டு நீங்கள் இந்த நாட்டின் குடிமகன் என்பதற்கான ஆவணம். அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தருகிறது. விசாவை மற்ற நாடு தருகிறது. இவை இரண்டுக்கும் உங்கள் தொழிலுக்கும் தொடர்பில்லை. அரச ஊழியரிடம் கேட்கப்படுவது மூன்றாவதான ஒன்று: கடமையிலிருந்து நீங்கி அந்த நாட்களை இலங்கைக்கு வெளியே கழிப்பதற்கான விடுமுறை. விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி இதைக் கேட்காமல் விடலாம். உங்கள் சுயவிபரக் கோவை ஒருநாள் கேட்கும்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கைக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும், நாட்டுக்குத் திரும்பி வரவும் பிரஜைக்கு உரிமை தருகிறது. இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை, எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் சுதந்திரத்தைச் சொல்கிறது. அரச ஊழியருக்கும் இந்த உரிமைகள் உண்டு. சம்பளம் வாங்கும் கடமை நேரம் அரசாங்கத்துக்குரியது என்பதும் உண்மை. அனுமதி விதிகள் நிற்பது இந்த இரண்டுக்கும் இடையில். வன்னியிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு பாஸ், வவுனியாவில் தங்குவதற்கு இன்னொரு பாஸ் என்று வரிசையில் நின்றவர்களுக்கு ‘வெளியேற அனுமதி’ என்ற சொல்லே கசக்கும். ஆனால் இது அந்த பாஸ் அல்ல. இது தொழில் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி; வத்தளையில் இருக்கும் சிங்கள எழுதுவினைஞருக்கும் இதே விதிதான்.

இந்த விதிகளின் மூலநூல் தாபன விதிக்கோவை. விடுமுறை பற்றிய எல்லாம் அதன் XIIஆம் அத்தியாயத்தில் வருகிறது. புலமைப்பரிசில், வெளிநாட்டுப் பயிற்சி ஆகியவை XVஆம் அத்தியாயத்தில். பொது நிருவாகத்துக்குப் பொறுப்பான அமைச்சு அவ்வப்போது வெளியிடும் சுற்றறிக்கைகள் இவற்றைத் திருத்தும். பழைய அச்சுப் பிரதியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம்.

வெள்ளி போய் ஞாயிறு வருவது

2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியது. இதனால் ஒரு புதிய பழக்கம் வந்திருக்கிறது. நீண்ட வார இறுதி ஒன்று வந்தால் சென்னைக்குப் போய் வைத்தியரைப் பார்த்துவிட்டு, புடைவையும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிடலாம். கொழும்புக்குப் போய்வருவதை விட இது கிட்ட என்று பலர் பகிடியாகச் சொல்வார்கள்.

‘ஒரு நாள் லீவுகூட எடுக்கவில்லையே, எதற்கு அனுமதி?’ என்பதுதான் இங்கே எழும் கேள்வி. அனுமதி தேவை. எத்தனை விடுமுறை நாட்கள் கழிகின்றன என்பதல்ல, நாட்டுக்கு வெளியே போகிறீர்கள் என்பதே இங்கு பார்க்கப்படுகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களுக்குள் போய்வந்தாலும் முன்அனுமதி பெற வேண்டும். ஆசிரியர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓகஸ்ட் தவணை விடுமுறையில் பாடசாலையே பூட்டிக் கிடந்தாலும் அவர் சேவையில் இருப்பவர்தான். பயணத்தின்போது கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றாலோ விமானம் இரத்தானாலோ திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாது. அப்போது அனுமதி இல்லாத பயணம் தானாகவே வெளியே வரும். அதற்கு முன்னரே பேஸ்புக்கில் மெரினா கடற்கரைப் படம் வெளியே கொண்டுவந்துவிடுவதும் உண்டு.

எந்த வகைப் பயணம்?

விண்ணப்பிக்கும் முன் உங்கள் பயணம் எந்த வகைக்குள் வருகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். வகை மாறினால் வழியும் மாறும்.

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது தனிப்பட்ட காரணத்துக்கான, சம்பளத்துடனான குறுகிய விடுமுறை. சாதாரண அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 21 நாள் சமயோசித விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கைகொடுப்பது ஓய்வு விடுமுறை. வெளிநாட்டில் கழிக்கும் விடுமுறைக்கான விண்ணப்பம் ‘பொது 126’ என்ற படிவத்தில் செய்யப்படுகிறது. உள்ளூர் விடுமுறைக்கு நிரப்பும் ‘பொது 125அ’ படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு லண்டனுக்குப் போய்வருவது கெட்ட பழக்கம். உள்ளூரில் கழிப்பதாகச் சொல்லி எடுத்த விடுமுறையில் வெளிநாடு போனால், அனுமதி பெறாதது ஒரு குற்றம், பொய்த் தகவல் கொடுத்தது இன்னொரு குற்றம்.

இரண்டாவது வகை நீண்டகாலச் சம்பளமற்ற விடுமுறை. வெளிநாட்டில் வேலை செய்ய, மேற்படிப்புப் படிக்க, வெளிநாட்டில் கடமையாற்றும் கணவனோடு அல்லது மனைவியோடு போய் இருக்க என்று விதிக்கோவை பல காரணங்களை ஏற்றுக்கொள்கிறது. இதிலே 2022 ஒரு திருப்பம். அந்த வருடம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. டொலர் இல்லை, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ஜூன் மாதத்தில் பொது நிருவாக அமைச்சு 14/2022 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல், அதிகபட்சம் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் அல்லது உள்நாட்டிலேயே வேறு தொழில் செய்யலாம் என்று அது சொன்னது. வெளிநாடு போகிறவர் வெளிநாட்டு நாணயத்தை வங்கிக் கணக்கொன்றுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. வழக்கமாக அரச ஊழியரைப் பிடித்து வைத்திருக்கப் பார்க்கும் நிருவாகம், ‘போங்கள், போய் டொலர் அனுப்புங்கள்’ என்று சொன்ன அபூர்வமான காலம் அது.

ஆனால் ‘என்னுடைய சிநேகிதி 2022இல் அப்படித்தான் போனாள்’ என்பது இன்று யாருக்கும் ஆதாரமாகாது. நெருக்கடிக்காக வந்த சலுகை எப்போதும் அப்படியே நிற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது, எந்தத் திருத்தம் வந்திருக்கிறது என்பதைப் பொது நிருவாக அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். அல்லது நிருவாகக் கிளையிடம் எழுத்தில் கேளுங்கள். முன்னரே அந்தச் சலுகையில் போனவர்கள் தங்கள் அனுமதிக் கடிதத்தில் உள்ள முடிவுத் திகதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஐந்து வருடம் என்பது நினைப்பதைவிட விரைவில் முடிந்துவிடும்.

சம்பளமற்ற விடுமுறையில் போகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விடயம், மாதச் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு வந்தவை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு, இடர்கடன், வீட்டுக்கடன் எல்லாம் சம்பளம் வரும்வரை தாமாகக் கழிந்தன. சம்பளம் நின்றதும் அவை நிற்பதில்லை, நிலுவையாகச் சேர்கின்றன. உங்களுக்காகக் கையொப்பமிட்ட பிணையாளிகள் இருவரும் அதே அலுவலகத்தில் வேலை செய்யும் ஏழை மனிதர்கள். நீங்கள் மெல்பேர்னில் இருக்க, அவர்களின் சம்பளத்தில் உங்கள் கடன் கழிந்த சம்பவங்கள் அலுவலகங்களில் பழைய கதை. போகும் முன் இதை ஒழுங்குசெய்துவிட்டுப் போவது விதிக்காக மட்டும் அல்ல.

மூன்றாவது, புலமைப்பரிசிலும் பயிற்சியும். இதில் போகிறவர் அரசாங்கத்துடன் ஒப்பந்தமும் பிணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பிணையாளிகள் கட்ட வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்குத் தனியான தாபன விதிக்கோவை உண்டு, அரச வங்கிகளுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் தங்கள் தங்கள் விதிகள். இந்தக் கட்டுரையை வைத்து அவர்கள் முடிவெடுக்க வேண்டாம்.

கடைசி வகை உத்தியோகபூர்வப் பயணம், அதாவது திணைக்களமே அனுப்புவது. அழைப்புக் கடிதம், செலவை யார் ஏற்கிறார்கள், அதனால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்பவற்றோடு அமைச்சுச் செயலாளர் வரை போகும். உயர் பதவிகளுக்கு ஜனாதிபதி செயலகம் வரை. சாதாரண உத்தியோகத்தருக்கு இது அபூர்வம் என்பதால் மேலே செல்வோம்.

கோவை போகும் பாதை

விண்ணப்பம் எங்கே கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில், உங்கள் நேரடி மேலதிகாரியிடம். அங்கிருந்து அது முறைப்படியான வழியூடாக மேலே போகும். முடிவெடுப்பவர் யார் என்பது நீங்கள் எந்தச் சேவையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் திணைக்களமாக இருந்தால் திணைக்களத் தலைவரும் அமைச்சுச் செயலாளரும். மாகாணப் பொதுச் சேவையாக இருந்தால் மாகாண அமைச்சின் செயலாளர், பிரதம செயலாளர், ஆளுநர் என்ற ஏணி. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், மாகாண உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காறு பற்றிய அதிகாரத்தை ஆளுநரிடம் கொடுத்து, அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு ஒப்படைக்க இடமளிக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தெரிவான சபையோ முதலமைச்சரோ இல்லாமல் இந்த ஏணி நிற்கிறது என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விடயம்.

பாடசாலைகளில் குழப்பம் அதிகம். ஒரே வீதியில் உள்ள இரண்டு பாடசாலைகளில் ஒன்று தேசிய பாடசாலை, மற்றது மாகாணப் பாடசாலை. முதலாவதின் ஆசிரியருக்குக் கோவை கொழும்பில் கல்வி அமைச்சுக்குப் போகும். இரண்டாவதில் அதிபர், வலயக் கல்விப் பணிமனை, மாகாணக் கல்வித் திணைக்களம் என்று போகும். பக்கத்துப் பாடசாலை ஆசிரியருக்கு ஒரு வாரத்தில் கிடைத்தது என்று நீங்களும் ஒரு வாரத்தை நம்பியிருக்க முடியாது.

விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டின் பிரதி, பயணத் திகதிகள், போகும் நாடும் அங்கு தங்கும் முகவரியும், காரணத்துக்கான ஆதாரம், உங்கள் கடமையைப் பார்க்கச் சம்மதிப்பவரின் கையொப்பம், விடுமுறைப் பதிவேட்டின்படி மிச்சமுள்ள நாட்கள், கடன் விபரம் எல்லாவற்றையும் முதல் தடவையே இணைத்துவிடுங்கள். ஒரு பிரதி குறைந்தால் கோவை கீழே திரும்பி வரும், மறுபடி ஏறும். உங்களுக்கெதிராக ஒழுக்காற்று விசாரணையோ கணக்காய்வு வினாவோ நிலுவையில் இருந்தால் அதை மறைக்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே எழுதுங்கள்.

பயணச்சீட்டை முதலில் வாங்கிவிட்டு அனுமதியைப் பிறகு கேட்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். ‘டிக்கெட் போட்டாச்சு சேர், காசு போய்விடும்’ என்பது அதிகாரியின் மனத்தைத் தொடலாம். விதியைத் தொடாது.

திடீர் மரணத்துக்கு என்ன செய்வது? கோவையைத் தபாலில் விடாமல் கையோடு கொண்டு திரியுங்கள். மேலதிகாரியின் சிபாரிசை அன்றே வாங்கி, அனுமதி அளிப்பவரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, உறவினர் ஒருவரை அங்கே நேரில் நிற்க விடுங்கள். மரண அறிவித்தலையோ வைத்தியசாலைக் கடிதத்தையோ வட்சப்பில் எடுத்து அச்சடித்து இணைக்கலாம். இரக்கமுள்ள அதிகாரிகள் ஒரே நாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. பதில் மின்னஞ்சலில் வந்தாலும் அது எழுத்திலான பதில்தான். அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ‘போய்ட்டு வாங்கோ, பார்ப்பம்’ என்ற தொலைபேசி வார்த்தையை நம்பி ஏறவேண்டாம். சொன்னவர் அடுத்த மாதம் இடமாற்றத்தில் போய்விட்டால் அதை யார் நினைவில் வைத்திருப்பார்?

பழைய மாணவர் சங்கம் அழைத்தால்

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இது. லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுவிழா நடத்துகிறது. அதிபரைப் பிரதம விருந்தினராக அழைத்து, பயணச்சீட்டும் அனுப்புகிறார்கள். இது உத்தியோகபூர்வப் பயணமா, தனிப்பட்டதா? திணைக்களம் அனுப்பாதவரை தனிப்பட்டதுதான். ஆனால் செலவை இன்னொருவர் ஏற்கிறார் என்பதை விண்ணப்பத்தில் எழுதாமல் விடக்கூடாது. அரச உத்தியோகத்தர் தன் பதவியின் காரணமாகப் பெறும் நன்மைகளைச் சட்டம் கூர்ந்து பார்க்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பின்னர் இன்னும் கூடுதலாக. மறைக்க ஒன்றுமில்லாத பயணத்தை மறைத்தால் அது மறைத்ததாகவே பதியப்படும்.

அழைக்கும் அமைப்பு எது என்பதையும் பார்க்க வேண்டும். 2014இல் அரசாங்கம் வர்த்தமானி மூலம் புலம்பெயர் தமிழ் அமைப்புகள் பலவற்றையும் நூற்றுக்கணக்கான தனிநபர்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் சில நீக்கப்பட்டன, 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டன, 2022 ஓகஸ்டில் உலகத் தமிழர் பேரவை, பிரித்தானியத் தமிழர் பேரவை, கனேடியத் தமிழர் பேரவை உள்ளிட்ட ஆறு அமைப்புகள் மறுபடி நீக்கப்பட்டன. ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறுகிறது. ஒரே அமைப்பு ஒரு வருடம் பயங்கரவாதத்தோடு சேர்த்துப் பேசப்பட்டு, அடுத்த வருடம் ஜனாதிபதியோடு மேசையில் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த அநியாயத்தைப் பற்றி எவ்வளவும் பேசலாம். ஆனால் மேடையில் ஏறி நிற்கப்போகும் அதிபருக்கு வேண்டியது பயண நாளில் நடைமுறையில் உள்ள வர்த்தமானி. சங்கத்தின் மேடையை வேறு யார் பகிர்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதில் வெட்கமில்லை.

அங்கே பேசுவதும் பதவியோடு ஒட்டியதுதான். ஊடகத்துக்குக் கருத்துச் சொல்வது பற்றித் தாபன விதிக்கோவையில் கட்டுப்பாடுகள் உண்டு. 2022 செப்டெம்பரில் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதையும் அதற்குள் கொண்டுவந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடசாலையின் கூரை ஒழுகுகிறது என்று சொல்வதற்கும் பயப்பட வேண்டியிருப்பது நல்ல நிலைமை அல்ல. அப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது, தெரியாமல் பேசுவதைவிட மேல்.

திரும்பி வராத நாள்

விடுமுறை முடியும் நாளில் கடமைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால், அந்த நாள் வருவதற்கு முன்னரே நீடிப்புக் கேட்டு எழுத வேண்டும். நோய் காரணமென்றால் வைத்தியச் சான்றிதழை அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக உறுதிப்படுத்தி அனுப்புவது பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும். நீடிப்புக் கேட்டதனாலேயே அது கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது; இங்கேயும் அதே பாடம்தான்.

அனுமதியின்றிக் கடமைக்கு வராதவரை, பதவியைத் தானாகவே கைவிட்டவராகக் கருத விதிக்கோவையின் Vஆம் அத்தியாயம் இடம் தருகிறது. அலுவலக மொழியில் இது ‘பதவி வெறிதாக்கல்’. இதற்கு நீண்ட விசாரணை தேவையில்லை. அறிவித்தல் ஒன்று கோவையில் உள்ள கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் போகும். எங்கள் ஊர்களில் அந்த முகவரி இடம்பெயர்வதற்கு முன்பிருந்த வீடாக, இப்போது ஆளில்லாத காணியாகக்கூட இருக்கலாம். கடிதம் திரும்பிப் போகும், காலக்கெடு கடந்துபோகும். ஆகவே வெளிநாடு போகும் முன் கோவையில் முகவரியைப் புதுப்பியுங்கள். தபாலை வாங்கிப் பிரித்துப் பார்த்து உடனே சொல்லக்கூடிய ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். அறிவித்தல் வந்தால் அதில் சொல்லப்பட்ட காலத்துக்குள் காரணத்தை ஆதாரத்தோடு எழுதினால் மீளச் சேர்ப்பது பற்றி அதிகாரி பரிசீலிக்க வழியுண்டு. பேசாமல் இருந்தால் வழியில்லை.

இழப்பது மாதச் சம்பளம் மட்டுமல்ல. இருபது வருடச் சேவையின் ஓய்வூதியமும் அதோடு போகும். ஓய்வூதியம் அரச ஊழியரின் முழுமையான உரிமை அல்ல என்று ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாவது பிரிவே சொல்லிவைக்கிறது. போர்க்காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குண்டுகளுக்கு நடுவே கச்சேரியையும் பாடசாலையையும் நடத்தியவர்கள் எங்கள் அரச ஊழியர்கள். அத்தனையையும் தாண்டி வந்த ஒருவர், ஒரு விண்ணப்பப் படிவத்தால் ஓய்வூதியத்தை இழப்பதைவிடக் கவலையான காரியம் வேறில்லை.

அங்கேயே தங்கிவிட முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களின் முடிவு. காரணங்கள் நமக்குத் தெரியும். அவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: காணாமல் போய்விடாமல் முறையாகப் பதவி விலகலுக்கு எழுதுங்கள், அல்லது தகுதியிருந்தால் ஓய்வுபெற விண்ணப்பியுங்கள். அந்தப் பதவி வெற்றிடமாக அறிவிக்கப்பட்டால்தான் அங்கே இன்னொரு கணித ஆசிரியர் வர முடியும்.

மறுக்கப்பட்டால், அல்லது பதிலே வராவிட்டால்

‘சேவையின் தேவை’ என்ற காரணத்தால் அதிகாரி விடுமுறையை மறுக்கலாம். எல்லா மறுப்பும் பழிவாங்கல் அல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரேயொரு பௌதிகவியல் ஆசிரியர் உள்ள வன்னிப் பாடசாலையில், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்க, அதிபர் தயங்குவது பிள்ளைகளுக்காக. அப்படியான இடத்தில் திகதியை மாற்றியோ பதில் ஆசிரியரை ஒழுங்குசெய்தோ பேசுவது வழக்குப் போடுவதைவிட விரைவாகப் பலன் தரும்.

ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பதும், கோவையை மேசையில் வைத்திருப்பதும், ஒருவருக்குக் கொடுத்து அதே நிலையிலுள்ள இன்னொருவருக்குக் கொடுக்காததும் வேறு. முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அடுத்து முறைப்படியான வழியூடாக மேன்முறையீடு. கோவை எங்கே நிற்கிறது என்பது தெரியவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல ஆயுதம். அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ‘என் விண்ணப்பம் எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது?’ என்ற ஒரு கேள்வி போதும். பல கோவைகள் இந்தக் கேள்வி வந்ததும் நடக்கத் தொடங்கிவிடுகின்றன.

பாரபட்சம் என்று நம்ப நியாயமிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். இங்கே ஒரு திகதி மிக முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போவதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது. ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று நாற்பது நாள் காத்திருந்துவிட்டு வருபவருக்குச் சட்டத்தரணியால் செய்யக்கூடியது குறைவு.

இவை அனைத்தையும் தமிழிலேயே செய்யலாம். வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. கொழும்பிலுள்ள அமைச்சுக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் வந்த நிபந்தனைக் கடிதத்தில் புரியாமல் கையொப்பமிட வேண்டாம். மொழிபெயர்ப்புக் கேளுங்கள். அந்தக் கேள்வியையும் எழுத்தில் கேட்டு, பிரதியொன்றை வீட்டில் வையுங்கள்.

திரும்பி வந்த முதல் நாளே கடமைக்குச் சமுகமளித்ததை எழுத்தில் அறிவித்து, கடவுச்சீட்டில் வெளியேறிய, உள்நுழைந்த முத்திரைகள் உள்ள பக்கங்களின் பிரதியைக் கோவையில் சேர்த்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதியை ஓய்வுபெறும் நாள்வரை எறியக்கூடாது. ஓய்வூதியக் கோவை தயாராகும்போது, இருபது வருடத்துக்கு முந்திய அந்த மூன்று வாரத்துக்கு ஆதாரம் எங்கே என்று அப்போதிருக்கும் எழுதுவினைஞர் கேட்பார்.